மெட்டலைசிங் போட் தேர்வில் மணிக்கணக்கு போதுமா?

சிப்ஸ் பாக்கெட்டின் உட்புறத்தில் பளபளக்கும் அலுமினியப் படலத்தின் தடிமன் பொதுவாக 30 முதல் 50 நானோமீட்டர். வெற்றிட அறையில் வேகமாக ஓடும் ஃபிலிமுக்குக் கீழே, வரிசையாகப் பொருத்திய, ‘போட்’ எனப்படும் ஆவியாக்கும் கலங்கள் மின்சாரத்தால் ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸில் தகிக்கின்றன. அவற்றின்மேல் இடைவிடாது இறங்கும் அலுமினியக் கம்பி உருகி, ஆவியாகி, ஃபிலிமில் படிகிறது. இந்தப் போட்களை வாங்கும்போது பலரும் முதலில் கேட்பது, எத்தனை மணி நேரம் உழைக்கும் என்பதைத்தான். அந்தக் கணக்கை மட்டும் நம்பினால் தேர்வு பிசகும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் போட் வந்த வழியைப் பார்ப்போம். 1935இல் மவுண்ட் வில்சன் வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கி ஆடிக்கு அலுமினியப் பூச்சு ஏறியது. அந்த நுட்பத்தை வளர்த்த ஜான் ஸ்ட்ராங் அலுமினியத்தை டங்ஸ்டன் சுருள்களில் வைத்து ஆவியாக்கினார். டங்ஸ்டன் 3,422 டிகிரியில்தான் உருகும். ஆனால் உருகிய அலுமினியம் அதையே மெல்லக் கரைத்துவிடும். ஓர் ஆடிக்கு ஒரு தடவை என்றால் பாதகமில்லை. கிலோமீட்டர் கணக்கில் ஓடும் ஃபிலிமுக்கு அது கட்டுப்படியாகாது.

அந்த இடத்தைப் பிடித்தது டைட்டானியம் டைபோரைடும் போரான் நைட்ரைடும் கலந்து, சூட்டில் அழுத்திச் செய்யும் பீங்கான் போட். முன்னது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியம் அதன்மேல் ஒட்டிப் பரவும். பின்னது மின்கடத்தாப் பொருள், திடீர்ச் சூட்டில் வெடிக்காது, கடைவதற்கும் எளிது. சில ரகங்களில் அலுமினியம் நைட்ரைடும் சேரும். கலவை விகிதமும் போட்டின் அளவும் அதன் மின்தடையை முடிவுசெய்கின்றன. தடை மிகக் குறைந்தால் டிரான்ஸ்ஃபார்மரால் தர முடியாத மின்னோட்டம் வேண்டியிருக்கும்; மிகுந்தால் மின்னழுத்தம் போதாது. குளிர்ந்த நிலையில் அளந்த தடையும் முழுக்கதை சொல்லாது. பரவிய அலுமினியக் குட்டையே இன்னொரு மின்பாதையாகிவிடுகிறது.

முதல் ஓட்டத்தைக் கவனித்தால் போட்டின் குணம் பிடிபடும். குட்டை ஓரம்வரை சமமாகப் பரவினால் தேய்மானமும் சமமாக இருக்கும். நடுவில் மட்டும் தேங்கினால் அங்கேயே பள்ளம் விழும், ஓரங்களில் சாம்பல் நிறக் கசடு சேரும். கம்பி முனை கசடில் பட்டால் துளி தெறிக்கும். தெறித்த துளி ஃபிலிமில் ஊசித்துளை போடும். ஆக்சிஜனையும் ஈரத்தையும் தடுக்க வேண்டிய பாக்கெட்டுக்கு அதைவிடக் கேடு என்ன?

போட் மாற்ற வெற்றிடத்தை உடைக்க வேண்டும், ஆகவே ஆயுள்தான் முக்கியம் என்று மறுக்கலாம். ஆனால் ரோல் மாற்றவும் அறையைத் திறக்கத்தானே வேண்டும்! ஒரு ரோலுக்கு 2 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். 12.5 மணி நேரம் உழைக்கும் போட்டும் 13.5 மணி நேரம் உழைக்கும் போட்டும் முடித்துத் தருவது ஆறு ரோல்தான். அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூடுதல் விலை தருவது வீண். ஊசித்துளையால் கழிவில் போன மீட்டர்களைக் கழித்து, எஞ்சிய நல்ல ஃபிலிமுக்குப் போட் செலவு எவ்வளவு என்று கணக்கிட்டால், மணிக்கணக்கில் முதலிடம் பிடித்த ரகம் பின்தங்கவும் கூடும்.