கிடைத்த இடமே காசின் சாட்சி: தமிழகத்தில் நாணயச் சேகரிப்பின் வளர்ச்சி

உத்திரமேரூர் வட்டாரம் குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகிறது. முதலாம் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அந்தத் தேர்தல் முறையோடு ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றையும் பொன் வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. ஊரில் கைமாறும் பொன்னின் தரத்தைப் பார்ப்பது தனிமனிதர் பொறுப்பாக விடப்படவில்லை, சபை பொறுப்பேற்றது. பொன்னையோ காசையோ கொடுப்பவர் வாய்ச்சொல்லை நம்பி ஏற்கக் கூடாது, சான்று வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது. பழங்காசு சேகரிப்போருக்கும் இது பொருந்தும். ஆனால் அவர்கள் கேட்க வேண்டிய சான்று வேறு. உலோகத்தின் மாற்று காசின் விலையைச் சொல்லும். அது கிடைத்த இடமும் உடன் கிடைத்தவையுமே அதன் வரலாற்றைச் சொல்லும். தமிழகத்தில் நாணயச் சேகரிப்பு கடந்த ஒன்றரை நூற்றாண்டில் வளர்ந்த விதம் இதை உறுதிப்படுத்துகிறது.

முறையான சேகரிப்பு சென்னை மாகாணத்தில் ஆங்கிலேய அதிகாரிகளிடமும் பாதிரியார்களிடமும் தொடங்கியது. வால்டர் எலியட்டின் தென்னிந்திய நாணயங்கள் பற்றிய நூல் 1886இல் வந்தது. லோவந்தால் பாதிரியார் திருநெல்வேலிக் காசுகளைப் பற்றி 1888இல் எழுதினார். அடுத்த ஆண்டு தஃப்னெல் தென்னிந்தியச் சேகரிப்பாளர்களுக்கென ஒரு கையேடு வெளியிட்டார். சென்னை அருங்காட்சியகத்தில் எட்கர் தர்ஸ்டன் நாணயப் பட்டியல்களைத் தொகுத்தார். காசின் உருவத்தையும் எழுத்தையும் படித்து அரசமரபை அடையாளம் காண்பதே இவர்களின் முதன்மை நோக்கம். அந்த உழைப்பின் பயனுக்கு உத்தம சோழனின் பொற்காசு ஒன்றே போதும். புலியும் மீனும் பொறித்து, கிரந்த எழுத்தில் அரசன் பெயர் தாங்கிய அந்தக் காசு இன்று இல்லை. எலியட் நூலில் உள்ள வரைபடத்தின் வழியாகவே அதை அறிகிறோம். காசு தொலைந்தும் பதிவு நிலைத்ததால் சோழர் நாணய வரலாற்றில் ஓர் ஏடு மிஞ்சியது. பதிவு தொலைந்து காசு மட்டும் மிஞ்சியிருந்தால், அது எந்த ஊர் மண்ணில் கிடைத்தது என்ற கேள்விக்கு விடையே இருந்திருக்காது.

உருவத்தைப் படிப்பதோடு நின்றால் போதாது என்பதை 1898இல் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் கறுக்காக்குறிச்சியில் கிடைத்த புதையல் காட்டியது. அதில் 501 ரோமானியப் பொற்காசுகள் இருந்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் மீது உளியால் வெட்டிய தழும்பு காணப்பட்டது. அவற்றுள் ஒன்று மட்டும் தனியே கடைக்கு வந்திருந்தால், சேதமான காசு என்று ஒதுக்கப்பட்டிருக்கும், விலையும் குறைந்திருக்கும். நூற்றுக்கணக்கானவை ஒரே குவியலாகக் கிடைத்துப் பதிவானதால், அந்த வெட்டு திட்டமிட்டுச் செய்யப்பட்டது என்று தெரிந்தது. ரோமானிய நாணயம் இங்கே நாணயமாகப் புழங்காதபடி, வெறும் பொன்னாக மதிக்கப்படும்படி அது வெட்டப்பட்டிருக்கலாம் என்று அறிஞர்கள் வாதிட முடிந்தது. இந்த முடிவுக்கான ஆதாரம் எந்தத் தனிக் காசிலும் இல்லை. அவை சேர்ந்து கிடந்ததில்தான் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆய்வு சங்க காலத்தை நோக்கித் திரும்பியது. சங்க அரசர்கள் தம் பெயரில் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் நெடுங்காலம் நிலவியது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி, பெருவழுதி என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த பாண்டியர் செம்புக் காசை அடையாளம் கண்டு அந்த ஐயத்தை நீக்கினார். கரூர் அமராவதி ஆற்றுப் படுகையில் மாக்கோதை, குட்டுவன் கோதை என்ற பெயர்களுடன் சேரர் வெள்ளிக் காசுகளும் வெளிப்பட்டன. அதே கரூரில் கிடைத்த ரோமானியம் அல்லாத அயல்நாட்டுக் காசுகளை அவர் 2000இல் தனி நூலாக்கினார். செலூக்கியர் காசுகளும், ரோட்ஸ், கிரீட், தெசலி போன்ற கிரேக்கப் பகுதிகளின் காசுகளும் அதில் இடம்பெற்றன. யவனர் வணிகத்தைப் பற்றி இலக்கியம் சொன்னதற்கு உலோகச் சான்று கிடைத்தது போலத் தோன்றியது. ஆனால் இவை அகழாய்வுக் குழியில் மண்ணடுக்கோடு எடுக்கப்பட்டவை அல்ல. ஆற்று மணலைச் சலிப்பவர் கையிலிருந்து வணிகர் வழியே வந்தவை. அக்காலத்திலேயே கடல் கடந்து வந்தவையா, பிற்காலத்தில் வந்து கலந்தவையா என்று கேட்பவர்களுக்கு முழு விடை சொல்ல மண்ணடுக்கு ஒன்றால்தான் முடியும். இந்த ஐயம் சேகரித்தவரின் உழைப்பைக் குறைக்கவில்லை. இடப் பதிவு இல்லாதபோது சிறந்த சேகரிப்பும் எங்கே தடைபடுகிறது என்பதையே அது காட்டுகிறது.

அண்மைக் காலக் காசுகளைச் சேகரிப்போர், ஒரு காசு அரிதென்று சொல்வதற்கு அச்சிட்ட எண்ணிக்கையே போதும் என்பர். நவீன கிரேக்கத்தின் முதல் நாணயமான ஃபீனிக்ஸ் 1828இல் கப்போதிஸ்திரியாஸ் ஆட்சியில் அறிமுகமாகி, ஏஜினா தீவில் அச்சாயிற்று. வெள்ளி ஃபீனிக்ஸ் ஏறத்தாழ 12,000 மட்டுமே வெளிவந்தது. சில ஆண்டுகளில் திராக்மா அதன் இடத்தைப் பிடித்தது. அங்கே அரிதின் அளவை அக்கசாலைக் கணக்கே சொல்லிவிடுகிறது. பெருவழுதிக்கோ உத்தம சோழனுக்கோ அப்படி ஒரு கணக்கேடு நமக்குக் கிடைக்கவில்லை. எனவே எந்த ஊரில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்ற குறிப்பே நமக்கு அந்தக் கணக்கேட்டின் வேலையைச் செய்கிறது.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழுகின்றன. தனியார் சேகரிப்பாளர் இல்லையென்றால் இந்தக் காசுகள் தட்டாரின் மூசையில் உருகியிருக்கும் என்பது முதலாவது. இது உண்மை, பெருவழுதிக் காசும் தனியார் ஆர்வத்தால்தான் வெளிச்சம் கண்டது. ஆனால் உருகாமல் காப்பாற்றியதோடு கடமை முடிவதில்லை. வாங்கும்போதே இடத்தைக் கேட்டு எழுதிவைக்க எந்தச் செலவும் இல்லை. சட்டத்துக்கு அஞ்சி விற்பவர் இடத்தை மறைக்கிறார் என்பது இரண்டாவது மறுப்பு. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்கிறது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வதைத் தடுக்கிறது. அச்சம் இருப்பது மெய்தான். ஆனால் அதே 1878ஆம் ஆண்டுச் சட்டம், முறைப்படி தெரிவித்தவருக்கு உரிய பங்கைப் பெற வழியும் வைத்திருக்கிறது. அதை ஊர்தோறும் எடுத்துச் சொல்லாததே குறை. அச்சத்தைக் காரணம் காட்டிப் பதிவையே கைவிடுவது தீர்வாகாது.

ஆகவே ஏரி தூர்வாரும்போதோ, கிணறு வெட்டும்போதோ, உழும்போதோ காசு கிடைத்தால் அதைத் தேய்த்துக் கழுவாமல், பிரித்து விற்காமல், கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிக்க வேண்டும். சேகரிப்பாளர்களும் ஒவ்வொரு காசின் உறையிலும் ஊர்ப் பெயரையும் நாளையும் எழுதிவைக்க வேண்டும். இடம் தெரியாத நூறு காசுகளைவிட இடம் தெரிந்த ஒரு காசு தமிழக வரலாற்றுக்குப் பெரிது.