பெயர், பணம், சாவி

பிரெஞ்சு ஆட்சிக் காலப் புதுச்சேரியின் பழைய அஞ்சலட்டைகளில் ஒரு வண்டி அடிக்கடி கண்ணில் படும். ஊரார் அதைப் 'புஷ் வண்டி' என்றார்கள். நாற்காலி போன்ற இருக்கை, கீழே சக்கரங்கள், உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டும்படி முன்னால் ஒரு பிடி. பின்னாலிருந்து ஒருவர் தள்ளிக்கொண்டே ஓடுவார். உட்கார்ந்திருப்பவர் அந்தப் பிடியைத் திருப்பி வண்டியின் திசையைத் தீர்மானிப்பார். உழைப்பு ஒருவருடையது, திசை இன்னொருவருடையது, வண்டி மூன்றாம் ஆளுக்குச் சொந்தமாகவும் இருக்கலாம்.

பெண்களுக்கும் வண்டிகளுக்குமான உறவை வாசிக்க இந்தப் பிரிவினை உதவும். ஒரு வண்டியைப் பார்த்ததும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பணம் யாருடையது? பதிவில் பெயர் யாருடையது? சாவி யார் கையில்? நம் ஊர்களில் இந்த மூன்றும் ஒரே பெண்ணிடம் வந்து சேர நீண்ட காலம் பிடித்தது. பல வீடுகளில் இன்னும் வந்து சேரவில்லை.

இன்று கருவடிக்குப்பத்தில் குடியிருந்து, மாதச் சம்பளம் வாங்கும் ஒரு பெண் பழைய கார் ஒன்றை வாங்க முடிவுசெய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பாரதியின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் குயில் தோப்பும், அவர் பாடிய சித்தானந்த சாமி கோயிலும் உள்ள பகுதி அது. கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்திலேயே செல்கிறது. கொஞ்சம் வடக்கே போனால் கோட்டக்குப்பம், அதாவது தமிழ்நாடு. அந்தப் பெண் தேடுவது நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய எஸ்.யூ.வி. மழைநீர் தேங்கும் தெருவுக்குத் தரையிலிருந்து உயரமான வண்டி நல்லது, குறுகிய சந்தில் திருப்பவும் முடியும் என்பது அவர் கணக்கு.

அந்த நான்கு மீட்டருக்கும் ஒரு வரலாறு உண்டு. 2006ஆம் ஆண்டு மத்திய பட்ஜெட், 4,000 மில்லிமீட்டருக்குள் நீளமும், பெட்ரோலில் 1,200 சி.சி., டீசலில் 1,500 சி.சி.க்கு மிகாத எஞ்சினும் கொண்ட கார்களுக்கு உற்பத்தி வரியைக் குறைத்தது. நிறுவனங்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தன. சென்னைக்குத் தெற்கே மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் 2013 ஜூனில் சந்தைக்கு வந்தது. 2016இல் மாருதி பிரெஸ்ஸா, 2017இல் டாட்டா நெக்ஸான், 2019இல் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து ஹூண்டாய் வென்யூ என்று வரிசை நீண்டது. இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு 2021 செப்டம்பரில் அறிவித்தது. முதல் சொந்தக்காரர்கள் ஓட்டி முடித்த அந்த வண்டிகள்தான் இப்போது இரண்டாம் கைக்கு வந்திருக்கின்றன. புதிய காரின் விலை எட்டாத பெண்களுக்கு, யார் பணத்தையும் எதிர்பார்க்காமல் வாங்கக்கூடிய முதல் கார் பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது.

ஆனால் 'வாங்குவது' என்ற செயலே பெண்ணுக்குச் சட்டத்தில் எளிதாக வாய்க்கவில்லை. 1819 ஜனவரியில் புதுச்சேரியில் நெப்போலியனின் சிவில் சட்டத் தொகுப்பு பிரகடனம் செய்யப்பட்டது. இந்தியர்கள் தத்தம் வழக்கங்களின்படி நடக்கலாம் என்ற விலக்கும் உடன் வந்தது. அந்தச் சட்டத் தொகுப்பின் 213ஆம் பிரிவு கணவன் மனைவிக்குப் பாதுகாப்பும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதலும் தர வேண்டும் என்றது. 217ஆம் பிரிவின்படி, கணவன் உடனிருந்தோ எழுத்தில் சம்மதம் தந்தோ அல்லாமல் மனைவி எதையும் விற்கவோ, அடகு வைக்கவோ, வாங்கவோ முடியாது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் பேசிய நாட்டின் சட்டம் இது. மூன்றாவது சொல்லில் சகோதரிகள் இல்லை என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது.

1881 செப்டம்பர் 21ஆம் தேதியின் ஆணை, இந்தியர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின் கீழ் வர வழிசெய்தது. அப்படி வந்தவர்கள் 'ரெனோன்சான்' எனப்பட்டார்கள். அவர்கள் புதிய குடும்பப் பெயரையும் சூடிக்கொண்டார்கள். செருப்போடு நீதிமன்றத்துக்குள் வந்ததற்காகத் தண்டிக்கப்பட்டு, எதிர்த்து வழக்காடிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை, லாப்போர்த் ஆனது இப்படித்தான். சாதி வழக்கத்திலிருந்து விடுபட அது ஒரு கதவு. அந்தக் கதவுக்கு அப்பால் பெண்ணுக்குக் காத்திருந்தது 217ஆம் பிரிவு.

பிரான்சில் மனைவியின் சட்டத் தகுதியின்மை 1938இல்தான் நீக்கப்பட்டது. கணவனின் அனுமதியின்றி வங்கிக் கணக்கு தொடங்கவும் வேலைக்குப் போகவும் 1965இல்தான் வழி பிறந்தது. ஆனால் புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ரெனோன்சான்களுக்கான பிரெஞ்சுச் சட்டம் அந்த ஆண்டின் நிலையிலேயே உறைந்தது. பாரிஸில் 1965இல் நடந்த திருத்தம் இங்குள்ள பெண்ணைத் தானாக வந்தடையவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கம், பிரிட்டிஷ் இந்தியாவில், இந்துக் கைம்பெண்ணுக்கு 1937ஆம் ஆண்டுச் சட்டம் கணவன் சொத்தில் பங்கு தந்தது. அதுவும் ஆயுள் வரை அனுபவிக்கும் வரம்புக்குட்பட்ட உரிமைதான். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், அதன் 14ஆம் பிரிவில், தன் கையிலுள்ள சொத்துக்குப் பெண் முழு உரிமையாளர் என்றது. அந்தச் சட்டம் புதுச்சேரிக்கு 1963இல் நீட்டிக்கப்பட்டபோது ரெனோன்சான்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. பிறப்பால் வரும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாடு செய்த திருத்தம் கோட்டக்குப்பத்தோடு நின்றது. நாடு முழுவதற்குமாக அது சட்டமானது 2005இல்.

இந்தச் சட்டங்களின் காலத்திலேயே, 1908 முதல் 1918 வரை, பாரதி புதுச்சேரியில் வாழ்ந்தார். 1912இல் முதல் பாகம் வெளிவந்த பாஞ்சாலி சபதம் ஒரு சொத்துரிமைக் கேள்வியைச் சுற்றியே நடக்கிறது. தன்னையே முதலில் தோற்றுவிட்டவனுக்கு என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை என்பதே பாஞ்சாலியின் வாதம். சபையில் யாரிடமும் அதற்கு நேரான பதில் இல்லை. உடைமையாகக் கருதப்பட்டவள் உடைமையாளரின் தகுதியை விசாரிக்கும் அந்த வாதத்தை, சட்ட நூல்களுக்குப் பக்கத்தில் வைத்தும் வாசிக்கலாம்.

சட்டம் ஒருபுறமிருக்க, சாவி தனி வழியில் வந்தது. 1991-92இல் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் கற்றுத் தந்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். கூலிப் பெண்களும், குவாரித் தொழிலாளிகளும், ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டினார்கள். பெண்களுக்கான சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். நடுக்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. 1993இல் கன்னியாகுமரி மாவட்டத்தின் வசந்தகுமாரி அரசுப் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். 2018 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, வேலைக்குப் போகும் பெண்கள் ஸ்கூட்டர் வாங்க விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய் வரை மானியம் தரும் திட்டத்தைத் தொடங்கியது. ஓட்டுநர் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெயரையும் சாவியையும் ஒரே பெண்ணிடம் சேர்க்க முயன்ற நிபந்தனை என்பதால் அது கவனிக்கத்தக்கது.

சாவி கிடைத்தால் விடுதலை கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. சைக்கிள் வந்ததும் தண்ணீர்க் குடம் அதில் ஏறியது. கார் வந்ததும் பிள்ளைகளின் டியூஷன், மாமியாரின் ஜிப்மர் சோதனை, மாதச் சரக்கு எல்லாம் ஏறும். வீட்டின் ஊதியமில்லா ஓட்டுநர் வேலை, 'உனக்குத்தான் கார் ஓட்டத் தெரியுமே' என்ற பாராட்டோடு வந்து சேரும். அதனால்தான் பெயர் முக்கியமாகிறது.

பெயரின் கதை இன்னும் சிக்கலானது. திருமணத்தில் பெண் வீட்டார் வாங்கித் தரும் கார் பெரும்பாலும் மாப்பிள்ளை பெயரில் பதிவாகிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சிணைத் தடைச் சட்டம், மீறி வாங்கப்பட்டதைக்கூடப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்று 6ஆம் பிரிவில் சொல்கிறது. சீதனம் பெண்ணின் முழு உடைமை என்று 1985இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஆனால் பதிவுச் சான்றில் பெயர் ஏறாத காரைச் சீதனமென்று நிறுவுவதற்குள் கார் பழசாகிவிடும். இதற்கு நேர்மாறாக, வரிக்கணக்குக்காகவோ கடனுக்காகவோ மனைவி பெயரில் வாங்கி, அவர் சாவியையே தொடாத கார்களும் உண்டு. பழைய கார் விளம்பரங்களில் 'லேடி டிரைவன்' என்பது விலை ஏற்றும் சொல். வண்டியைப் பதமாகப் பார்த்துக்கொண்டார் என்று பொருள். அதே பெண் ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் 'சார் வரலையா?' என்று கேட்பார்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, யார் பெயரில் வண்டி பதிவாகியுள்ளதோ அவரே உரிமையாளர் என்கிறது. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. வண்டி பல கை மாறி விற்கப்பட்டிருந்தாலும், பதிவு மாறாதவரை விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவிலுள்ளவருக்கே. பெயருக்கு மட்டும் உரிமையாளராக இருக்கும் பெண், தான் ஓட்டாத வண்டியின் விபத்துக்குப் பொறுப்பாளி ஆகலாம்.

காப்பீட்டிலும் இதே பிளவு இருக்கிறது. 2018 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், உரிமையாளர்-ஓட்டுநருக்கான கட்டாய விபத்துக் காப்பை 15 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. பாலிசியின் சொற்படி அது, பதிவில் பெயரும் கையில் உரிமமும் உள்ளவருக்கானது. கணவர் பெயரிலுள்ள காரை மனைவி நாள்தோறும் ஓட்டினாலும் அந்தச் சொல்லுக்குள் அவர் வரமாட்டார். விபத்தில்லாமல் ஓட்டியதற்காக 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை வளரும் 'நோ கிளைம் போனஸும்' பாலிசியில் பெயர் உள்ளவருக்கே சேரும். கவனமாக ஓட்டியவர் மனைவி, சலுகை சேர்வது கணவர் கணக்கில்.

எனவே கருவடிக்குப்பத்துப் பெண் வண்டியைப் பார்க்குமுன் காகிதத்தைப் பார்ப்பது நல்லது. கடன் முடிந்ததற்கான படிவம் 35, விற்பவர் கையெழுத்திட்ட படிவம் 29, வாங்குபவர் தரும் படிவம் 30 ஆகியவை அடிப்படை. வண்டி தமிழ்நாட்டுப் பதிவென்றால் படிவம் 28இன் தடையில்லாச் சான்றும், புதுச்சேரியில் புதிதாகக் கட்ட வேண்டிய சாலை வரியும் சேரும். வாங்கியவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்று கட்டாயம் என்பதால், அதைக் காட்டச் சொல்லலாம்.

பிறகு வண்டி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தண்ணீரில் நின்ற கார் பளபளப்பாக்கப்பட்டு விற்பனைக்கு வரலாம். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்தால் அடியில் சேற்றுக் கோடு தெரியும். தரைவிரிப்பைத் தூக்கினால் சீட் போல்ட்டுகளின் துரு தெரியும். எஞ்சின் சூடாகாத காலை நேரத்தில் போய், தானே ஸ்டார்ட் செய்து, தானே ஓட்டிப் பார்க்க வேண்டும். உடன் வரும் அண்ணனோ சித்தப்பாவோ பின் இருக்கையில் உட்காரட்டும்.

எல்லாம் முடிந்து கைக்கு வரும் பதிவுச் சான்றில் உரிமையாளர் பெயருக்குக் கீழே 'இன்னாரின் மகன், மகள், மனைவி' என்ற கட்டம் இன்னும் இருக்கிறது. 217ஆம் பிரிவு போன பிறகும் அதன் நிழல் அந்தக் கட்டத்தில் தங்கியிருக்கிறது. பெண் அதில் யார் பெயரை எழுதினாலும் வண்டியின் உரிமை மாறாது. 2021 முதல் பதிவிலேயே வாரிசுதாரரை நியமிக்க இன்னொரு கட்டமும் திறந்திருக்கிறது. தனக்குப் பின் அந்த வண்டி மகளுக்கா, தங்கைக்கா, தோழிக்கா என்று எழுத வேண்டியவர், அதைத் தன் பணத்தில் வாங்கிய அந்தப் பெண்தான்.