உடையவர் சென்றபின் அட்டவணை யாருடையது?

ஆக்கியவரே உடையவர் என்பது பழைய நியாயம். கணினித் தரவுத்தளங்களின் உரிமை வரலாறும் அந்த நியாயத்திலிருந்தே தொடங்கியது. ஆனால் அது அங்கேயே நின்றுவிடவில்லை. அது நகர்ந்த வழியைச் சற்றே பின்தொடர்வோம்.

தரவுகளை அட்டவணைகளாக வகுக்கும் உறவுசார் மாதிரியை 1970இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் முன்வைத்தார். பலர் பகிரும் பெருந்தரவு வங்கிகளுக்கானது அது என்பதைக் கட்டுரையின் தலைப்பே சொன்னது. பலர் பகிர்வது என்றவுடன் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற கேள்வியும் எழுந்துவிடுகிறது.

அதற்கான விடையை, அந்நிறுவனத்தின் சிஸ்டம் ஆர் ஆய்வுத் திட்டத்திலிருந்து பட்ரீசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்டு வேடும் 1976இல் எழுதினர். அட்டவணையை உருவாக்கியவருக்கே முழு உரிமை. 'கிராண்ட்' கட்டளையால் அதைப் பிறருக்கு வழங்கலாம், 'ரிவோக்' கட்டளையால் திரும்பப் பெறலாம். வழங்கும் உரிமையையே வழங்கவும் இடமுண்டு. ஒருவரிடமிருந்து உரிமையைப் பறித்தால், அவர் வழியாக மட்டும் பெற்றவர்களும் அதை இழப்பர். இம்முறையில் நியாயமாகக் கிடைக்கவேண்டிய உரிமைகூடச் சிலருக்கு மறுக்கப்படலாம் என்று 1978இல் ரொனால்ட் ஃபேகின் எடுத்துக்காட்டித் திருத்தம் கூறினார்.

எனினும் அடிப்படைச் சிக்கல் ஒன்று எஞ்சியது. உடையவர் மனிதர், மனிதர் பணியை விட்டுச் செல்வர், அட்டவணையோ இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு வழிகாட்டியது 'ரோல்' என்னும் கருத்து. நாம் இதைப் பதவி எனலாம். ஆரக்கிள் தனது ஏழாம் பதிப்பில், 1992இல், இதைக் கொணர்ந்தது. எஸ்க்யூஎல் மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரநிலையிலும் இது இடம்பெற்றது. போஸ்ட்கிரெஸ் 2005இல் வந்த 8.1 பதிப்பில் பயனர், குழு என்ற பிரிவையே நீக்கி, இரண்டையும் பதவியாக்கியது.

எனவே இன்று யாரும் நேரடியாக உள்நுழைய இயலாத ஒரு பதவியின் பெயரில் அட்டவணைகளை வைத்து, பணியாற்றுவோரை அதன் உறுப்பினராக்கலாம். ஒன்றை மட்டும் மறக்கலாகாது: உறுப்பினர் புதிதாக ஆக்கும் அட்டவணை அவர் பெயரிலேயே பதிவாகும். 'செட் ரோல்' கட்டளையால் பதவியை ஏற்ற பின் ஆக்கினால்தான் அது பதவிக்குச் சேரும். இதைத் தவறவிட்டவர்களுக்கு 2006இன் 8.2 பதிப்பு தந்த 'ரீஅசைன் ஓன்ட்' உண்டு. அந்தத் தரவுத்தளத்தில் ஒருவர் பெயரிலுள்ள அனைத்தையும் அது மற்றொருவர் பெயருக்கு மாற்றும். உடைமை ஏதும் எஞ்சியிருக்கும்வரை அவர் பெயரை நீக்க போஸ்ட்கிரெஸ் இசையாது.

கணக்கை எழுதியவர் எவராயினும், கணக்கு நிறுவனத்துடையது. அட்டவணைகள் இந்த எளிய உண்மைக்கு வந்துசேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.