மெழுகில் விரிந்த சடை

கணினி அசைபடத்தில் முடியை இயல்பாக அசைய வைப்பது இன்றும் கடினமான வேலைதான். 2012-இல் வெளிவந்த ‘பிரேவ்’ படத்தின் நாயகி மெரிடாவின் சுருள்முடிக்காகப் பிக்ஸார் நிறுவனம் புதிய மென்பொருளையே உருவாக்க வேண்டியிருந்தது. இயற்பியல் விதிகளின் போக்கில் விட்டால், அவள் ஓடும்போது சுருள்கள் இழுபட்டு வடிவம் இழந்தன. ஆகவே ஒவ்வொரு சுருளின் ஊடாகவும் ஒரு மென்வளைகோட்டைக் கற்பித்து, அது அளவுக்கு மீறி நீளாதபடி கட்டுப்படுத்தினார்கள். இயற்கைக்கு எதுவரை பணிவது, எங்கே அதை மீறுவது என்ற இந்தக் கேள்விக்கு, காவிரிப் படுகையின் வார்ப்புக் கலைஞர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விடை கண்டிருந்தார்கள் என்பது என் துணிபு.

தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள திருவெண்காட்டு ரிஷபவாகனர் திருமேனி 1011-இல் எழுந்தருளுவிக்கப்பட்டது. அதில் சடைப்புரிகள் தலைப்பாகைபோல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கிடக்கின்றன. ஒவ்வொரு புரியும் அடுத்ததன்மேல் அழுந்தும் கனம் கண்ணுக்குத் தெரிகிறது. அது நிற்கும் சிவனின் முடி. சோழர் கால நடராசரிலோ அதே சடை அவிழ்ந்து இருபுறமும் பறக்கிறது. சுழன்றாடுபவரின் முடி எல்லாத் திசையிலும் சிதறுவதே இயற்கை. சிற்பியோ அதை வலமும் இடமுமாக ஒரே தளத்தில் விரித்து, வலப்புறச் சடையில் கங்கையையும் அமர்த்தினார். விரிவது இயற்கை விதி; ஒரே தளத்தில் விரிவது சிற்பியின் தேர்வு.

வார்ப்பின் வசதிக்காகத்தான் அப்படிச் செய்தார்கள் என்று சிலர் கூறலாம். அதில் உண்மை உண்டு. சுவாமிமலையில் இன்றும் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெய் சேர்த்துக் காய்ச்சி, இளஞ்சூட்டில் திரித்து வளைத்தே உருவம் செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டலை உமிக்கரியோடு அரைத்துப் பூசுகிறார்கள். மெழுகை உருக்கி வடித்தபின் அந்த இடத்தில் உலோகம் பாய வேண்டும். மெல்லிய புரி தனித்து நீண்டால் உலோகம் நுனிவரை எட்டாது, எட்டினாலும் எளிதில் ஒடியும். புரிகளுக்கிடையே உள்ள பூக்கள் அவற்றைப் பிணைத்துத் தாங்குவதும் அதனால்தான். ஆனால் வசதி மட்டுமே நோக்கமென்றால், திருவெண்காட்டு வடிவத்தைப்போலச் சடையைச் சுற்றிக் கட்டியிருக்கலாமே! வார்ப்பதற்கு அதுவே எளிது. ஆட்டத்தின் வேகம் சடையில் தெரிய வேண்டும் என்பதற்காகவே அரிய வழியை ஏற்றார்கள்.

அசையாத சிலையை அசையும் படத்தோடு ஒப்பிடலாமா என்றும் கேட்கலாம். திரைப்படமும் நொடிக்கு 24 அசையாப் படங்களின் வரிசைதான். மென்பொருளுக்கு முந்தைய படமும் பிந்தைய படமும் துணை நிற்கின்றன. சிற்பிக்குக் கிடைத்தது ஒரே ஒரு கணம். நடந்து முடிந்த சுழற்சியும் இனி வரப்போவதும் அந்த ஒரு வளைவிலேயே புலப்பட வேண்டியிருந்தது. ஆகவே சுவாமிமலைப் பட்டறைகளைப் பக்திப் பொருள் செய்யும் இடங்களாக மட்டும் பார்ப்பது போதாது. அசைபடக் கலை பயிலும் மாணவர்கள் மென்பொருளோடு மெழுகு திரிக்கும் இந்த வித்தையையும் பாடமாகப் படிக்க வேண்டும்.