சின்ன எழுத்து

திருச்செங்கோட்டு மலையடிவாரத்தில் என் அப்பா அச்சுக் கோத்தார். கல்யாணப் பத்திரிகை, ரிக் வண்டிக்காரர்களின் பில் புத்தகம், தேர்த்திருவிழா நோட்டீஸ் எல்லாம் அவர் விரல்பட்டுத்தான் வெளியே போகும். "ஒரு 'ணை' பத்தலீன்னாலும் வேலை நின்னு போயிருங் கண்ணு" என்பார்.

அந்த நினைவோடுதான் தரங்கம்பாடி போனேன். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இடம் பெற்று, 1620-இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1706 ஜூலையில் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு, பள்ளிப் பிள்ளைகளோடு தானும் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தார்.

தமிழ் அச்சு அதற்கும் மூத்தது. 1578-இலேயே கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சாகிவிட்டது. ஆனால் தரங்கம்பாடிக் கதையில் என் அப்பாவின் கவலை இருக்கிறது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் சீகன்பால்குவின் அச்சகத்துக்குக் கப்பலேறி வந்தன. அவை பெரியவை, காகிதத்தை விழுங்கின. காகிதமோ தட்டுப்பாடு. எனவே ஊரிலேயே சின்ன எழுத்து வார்த்தார்கள். 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. பக்கத்துப் பொறையாரில் காகித ஆலைக்கும் முயன்றார்கள். கோட்டையைவிட அந்தச் சின்ன எழுத்தைத்தான் நான் பெரிதென்பேன்.

1845-இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். 1719-இல், 36 வயதில் இறந்த சீகன்பால்கு, தாம் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறார். அப்பாவின் ஈய எழுத்து ஒன்று என் சட்டைப்பையில் இருந்தது. அதைக் கையில் பிடித்தபடி அந்தக் கல்லறை முன் வெகுநேரம் நின்றேன்.