பெர்ஸெர்க்: ஒரு ரஸனைத் தகராறின் சரித்திரம்

வங்கியில் என் பக்கத்து ஸீட்டில் இருக்கும் இளைஞரோடு ஒரு நாள் 'பெர்ஸெர்க்' பற்றிப் பேச்சு வந்தது. 2016ல் வந்த தொடரைப் பார்த்துத்தான் அதற்குள் நுழைந்ததாகச் சொன்னார். "போயும் போயும் அதையா பாத்தீங்க?" என்றேன். "அதுலதான் சார் எனக்கு ஆரம்பம்" என்றார். பிறகுதான் எனக்கு உறைத்தது. 24 பகுதிகள் கொண்ட அத்தொடரில் நான் பார்த்திருந்தது மூன்றே மூன்று. மீதியெல்லாம் பிறர் சொல்லக் கேட்டது. கேட்டதை என் அபிப்ராயம் என்று வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். விமர்சனம் எழுதுகிறவனுக்கு இது சின்ன விஷயமில்லை. அதன் பின் மூன்று படமாக்கங்களையும் வரிசையாக உட்கார்ந்து பார்த்தேன். அவற்றைப் பற்றிய தகராறையும் ஆரம்பத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

கென்தாரோ மியுரா 1966ல் பிறந்தவர். 'பெர்ஸெர்க்' என்ற சித்திரக்கதையை 1989ல் ஆரம்பித்தார். 1992லிருந்து 'யங் அனிமல்' பத்திரிகையில் வந்தது. மத்திய கால ஐரோப்பாவைப் போன்ற ஒரு கற்பனை ராஜ்யம். கூலிப்படை வீரன் கட்ஸ். பருந்துப் படையின் தலைவன் கிரிஃபித். தனக்கென்று ஒரு ராஜ்யம் வேண்டும் என்ற கனவுக்காக கிரிஃபித் ஒரு தருணத்தில் தன் படை முழுவதையும் பிசாசுகளுக்குப் பலி கொடுக்கிறான். கட்ஸ் ஒரு கண்ணையும் ஒரு கையையும் இழந்து பிழைக்கிறான். படையின் தளபதியும் கட்ஸின் காதலியுமான காஸ்கா பலாத்காரம் செய்யப்பட்டு, புத்தி பேதலித்து மிஞ்சுகிறாள். 'கிரகணம்' என்று வாசகர்கள் குறிப்பிடும் கட்டம் இது. தகராறுகள் எல்லாம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கின்றன.

முதல் தொடர் 1997 அக்டோபரிலிருந்து 1998 மார்ச் வரை நிப்பான் டெலிவிஷனில் பின்னிரவில் ஒளிபரப்பாயிற்று. 25 பகுதிகள். அதற்குச் சற்று முன்புதான், 1996ல், 'எவாஞ்ஜெலியன்' தொடரின் கடைசி இரண்டு பகுதிகள் பார்வையாளர்களை இரண்டாகப் பிரித்திருந்தன. அங்கே கதை வெளியிலிருந்து விலகி மனசுக்குள் போய்விட்டது என்பது புகார். 'பெர்ஸெர்க்' விஷயத்தில் புகார் வேறு. கதை பாதியில் நின்றுவிட்டது. கிரகணத்தின் உச்சியில், கட்ஸ் எப்படித் தப்பினான் என்று சொல்லாமலேயே தொடர் முடிகிறது. அவனைக் காப்பாற்றும் மண்டையோட்டு வீரன் என்ற பாத்திரமே தொடரில் இல்லை.

ஒரு கட்சி இதை ஏமாற்று என்றது. அடுத்த கட்சியின் பதில் யோசிக்கத்தக்கது. முதல் பகுதியிலேயே கட்ஸ் ஒற்றைக் கண்ணோடும் இரும்புக் கையோடும் வந்துவிடுகிறான். இரண்டாம் பகுதியிலிருந்து கதை பின்னோக்கிப் போகிறது. ஆகவே கடைசிப் பகுதி முதல் பகுதியில் போய்ச் சேருகிறது. அவன் பிழைப்பான் என்று நமக்குத் தெரியும். அவன் ஏன் அப்படி ஆனான் என்பதுதான் கேள்வி. அதற்கு பதில் கிடைத்துவிட்டது. நான் இந்தக் கட்சி. இன்றும் பெரும்பாலும் இந்தக் கட்சிதான்.

இத்தொடரின் இன்னொரு சிறப்பு அதன் வறுமையிலிருந்து வந்தது. வாள் வீசும் கணத்தில் சலனம் நின்று, காட்சி ஒரு வர்ண ஓவியமாக உறைந்துவிடும். 1970களில் ஒஸாமு தெஸாகி கையாண்டு பழக்கத்திற்குக் கொண்டுவந்த உத்தி இது. செலவைக் குறைப்பதற்கும் உதவும். ஆனால் மியுராவின் பக்கங்கள் அசையாதவை. கண் அவற்றின் மேல் தங்கித் தங்கித்தான் நகர வேண்டும். உறைந்த ஓவியங்கள் அந்தத் தங்கலை டெலிவிஷனிலும் சாத்தியமாக்கின. சுஸுமு ஹிராஸாவாவின் இசை அந்த நிசப்தத்தைக் கலைக்காமல் கூடவே போகிறது.

2012லும் 2013லும் ஸ்டூடியோ 4°ஸி மூன்று சினிமாப் படங்களாக அதே கதையை எடுத்தது. கிரகணம் முழுதாக வந்தது. மண்டையோட்டு வீரனும் வந்தான். ஆனால் கட்ஸும் காஸ்காவும் தீ வெளிச்சத்தில் தங்கள் தோழர்களின் சிறிய கனவுகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சி விடுபட்டது. யுத்தத்திற்கு இடம் இருந்தது, அந்த இரவுக்கு இல்லை. அந்தக் கனவுகள் நமக்குத் தெரிந்தால்தானே அவை பலியாகும்போது வலிக்கும்? 2022ல் இப்படங்களை டெலிவிஷன் தொடராக்கியபோது அக்காட்சியைப் புதிதாகச் சேர்த்தார்கள். பத்து வருஷத்துப் புகார் ஒன்று நியாயமானது என்று இதன் மூலம் ஒப்புக்கொள்ளப்பட்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

இனி, 2016-17 தொடர். இயக்கம் ஷின் இதாகாகி. பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வார்த்த உருவங்கள். காமிரா ஒரு கணம் நிற்பதில்லை. சுற்றுகிறது, பாய்கிறது, பாத்திரங்களின் தலைக்கு மேல் ஏறி இறங்குகிறது. கட்ஸின் பெரிய வாள் எதில் பட்டாலும் எழும் ஒரே உலோகச் சத்தம் பரிகாசத்திற்கு ஆளாயிற்று. பரிகாசம் தவறில்லை. ஆனால் பரிகாசம் காரணம் சொல்லவில்லை. நான் கண்ட காரணம் இது: இத்தொடர் மியுராவின் பேனாக் கோடுகளை மதிக்காமல் இல்லை, மிகவும் மதித்தது. நிழலுக்காக அவர் நெருக்கமாக இழுக்கும் சாய்கோடுகளை எடுத்து உருவங்களின் மேல் ஒட்டியது. மியுராவிடம் அந்தக் கோடு கை போன தடம். ஒளிக்கும் கோபத்திற்கும் தக்கபடி கட்டத்துக்குக் கட்டம் மாறும். ஒட்டப்பட்ட கோடோ உடம்போடு சேர்ந்து பச்சை குத்தியது போல நகர்கிறது. மூலத்தின் தோலை எடுத்துக்கொண்டு அதன் நிதானத்தை விட்டுவிட்டார்கள். 1997 தொடர் கோடுகளை விட்டுவிட்டு நிதானத்தை எடுத்துக்கொண்டது. எது விசுவாசம் என்ற சண்டையில் இரு தரப்பாரும் ஒரே வார்த்தையால் வேறு வேறு பொருளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே தொடர் தோல்விதான். ஆனால் 24 பகுதிகளையும் பார்த்து முடித்தபோது என் கட்சியின் பலவீனமும் தெரிந்தது.

1997 தொடரை முழுமையானது என்று சொல்கிறபோது நாம் காஸ்காவை எங்கே விட்டுவிட்டு வருகிறோம்? கிரகணத்தில். அவள் மேல் நிகழ்ந்தது கட்ஸின் கோபத்துக்குக் காரணமாகப் பயன்பட்டதோடு சரி. ஒரு பெண்ணின் நாசம் ஆணின் கதைக்கு எரிபொருளாகிறது என்று இப்படைப்பின் மேல் சொல்லப்படும் ஆட்சேபணைக்கு, அந்த இடத்தில் நிறுத்திய தொடரிடம் பதில் கிடையாது. மியுராவிடம் பாதி பதில் இருந்தது. கட்ஸ் பழிவாங்கப் போகிறான்; காஸ்காவை ஒரு குகையில் விட்டுவிட்டுப் போகிறான்; அது தப்பு என்று தெரிந்து திரும்பி வருகிறான். பின்னர் வருவதெல்லாம் காவல். தன்னைக் கண்டாலே நடுங்குகிற ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு வழி நடப்பது. தன் கையே அவளுக்கு ஆபத்தாக முடிவதையும் அவன் பார்க்க நேர்கிறது. சித்திரக்கதையில் அவளுக்கு சுயநினைவு திரும்பியது 2018ல்தான். ஏறத்தாழ இருபது வருஷம் அவளை அப்படியே வைத்திருந்தது தகுமா என்பது தனிக் கேள்வி. தகாது என்பவர்கள் பக்கம் எனக்கும் சாய்வு உண்டு. ஆனால் நாசத்துக்குப் பிறகு வாழ்வது எப்படி என்ற பகுதியைத் திரையில் காட்ட முயன்றது அந்தப் பரிகசிக்கப்பட்ட தொடர் ஒன்றுதான். நாங்கள் காயத்தைச் சிகரமாக்கி அங்கேயே நின்றுவிட்டோம். அழகான இடத்தில் நின்றோம் என்பது உண்மை. அழகாக இருந்ததால்தான் அதைத் தாண்டிப் போகவில்லையோ என்னவோ.

2021 மே 6ம் தேதி மியுரா இறந்தார். வயது 54. கதை முடியவில்லை. 2022 ஜூனில், அவர் பள்ளி நாள் நண்பர் கோஜி மோரியின் மேற்பார்வையில், மியுராவின் உதவியாளர்கள் தொடர்ந்தார்கள். மியுரா தன்னிடம் சொன்னதை மட்டுமே எழுதுவேன் என்று மோரி அறிவித்தார். உடனே மறுபடி இரண்டு கட்சி: கை போன பிறகு கோடு எதற்கு என்று ஒன்று, கதை தெரிந்தவர் உயிரோடிருக்கும்போது அது ஏன் மறைய வேண்டும் என்று ஒன்று. 1997ல் எழுந்த கேள்விதான் இது. எங்கே நிற்பது? யார் நிறுத்துவது? இம்முறை பதில் சொல்ல மியுரா இல்லை.

பக்கத்து ஸீட் இளைஞரிடம் போன மாதம் சொன்னேன், முழுக்கப் பார்த்துவிட்டேன், அப்போதும் எனக்குப் பிடிக்கவில்லை என்று. "பரவால்ல சார், இப்ப நீங்க சொல்றத கேக்கலாம்" என்றார். அவர் இதற்குள் சித்திரக்கதையின் முதல் 41 தொகுதிகளையும் படித்து முடித்திருந்தார். நான் இன்னும் இருபதைத் தாண்டவில்லை.