பென்சனில் மட்டும் கூட்டணி

எங்க ஆவுடையார்கோவில் பக்கம் எந்த வாத்தியாரிடம் பேசினாலும் ‘2003’தான் வரும். 1.4.2003-க்குப் பின் தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்சன் கிடையாது. சம்பளத்தில் 10 சதவீதம் பிடித்தம். ஜூலையில் வேலைநிறுத்தம், லட்சத்துக்கு மேல் டிஸ்மிஸ். ஜெயலலிதாவைத் திட்டுவதோடு கதை முடிஞ்சிடும்.

டெல்லிக் கதைதான் சுவாரஸ்யம். வாஜ்பாய் அரசு 1.1.2004-ல் தொடங்கியதை மன்மோகன் அரசு கைவிடலை. ஆனால் இடதுசாரிகள் தயவில் ஓடிய ஆட்சி. 2005 மசோதா நகரவே இல்லை. பிறகு 2013 செப்டம்பரில் பக்கத்துச் சிவகங்கைத் தொகுதிக்காரர் ப.சிதம்பரம் நிறைவேற்றினார், மற்ற எல்லாத்திலும் மல்லுக்கு நின்ற பாஜக ஆதரவோடு! யஷ்வந்த் சின்ஹா தலைமையிலான நிலைக்குழு வலியுறுத்திய ‘குறைந்தபட்ச உத்தரவாத வருமானம்’ சட்டத்தில் ஏறியது. 2023 வரை அப்படியொரு திட்டம் வரலை.